பழைய காருக்குப் புதிய பிரேக் ஹோஸ்: மரையை அளக்க ஸ்கேனர் உதவும்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் கடிதம் டைப் செய்வோம், படம் பார்ப்போம், இன்டர்நெட்டில் உலா வருவோம். வீட்டில் ஒரு பழைய கார் இருந்தால், அதே கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் அதற்கும் உதவும். எப்படி என்று இங்கு பார்க்கலாம்.

பிரிமியர் பத்மினி உற்பத்தி 2000 ஆம் ஆண்டு வாக்கிலும், அம்பாசிடர் உற்பத்தி 2014 ஆம் ஆண்டிலும் நின்றுவிட்டன. இவற்றைப் பாதுகாத்து ஓட்டுபவர்களில் சிலர், முன் சக்கரங்களில் டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு, புதிய காரின் டிஸ்க் பிரேக்கைப் பொருத்த விரும்புகின்றனர். விருதுநகரிலிருந்து சாத்தூர் வரை நான்கு வழிச் சாலையில் லாரிகளுக்கு நடுவே ஓட்டும்போதும், செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவு மலைப்பாதையில் இறங்கும்போதும் நல்ல பிரேக்கின் அருமை புரியும். ஆனால் டிஸ்க்கும் காலிபரும் வாங்கிய பின்னர்தான் சிக்கல் தொடங்குகிறது. காரின் இரும்புக் குழாயையும் புதிய காலிபரையும் இணைக்கும் ஹோஸ் எது?

ஒரே தோற்றம், வேறு வேலை

யூஎஸ்பி சி கேபிள்களைப் பார்த்திருப்பீர்கள். எல்லாம் ஒரே வடிவம். ஆனால் ஒன்று சார்ஜ் மட்டும் செய்யும். மற்றொன்று டேட்டாவையும் அனுப்பும். தவறான கேபிளைச் செருகினால் பைல் காப்பி ஆகாது, அவ்வளவுதான். பிரேக் இணைப்பிலும் இதே குழப்பம் உண்டு. ஆனால் விளைவு வேறு.

அம்பாசிடர், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடிப்படையாகக் கொண்டது. இங்கிலாந்துக் கார்களின் மரைகள் அங்குலக் கணக்கில் அமைந்தவை. பத்மினி இத்தாலியின் பியட் 1100 வழி வந்தது, மில்லிமீட்டர் கணக்கு. இன்றைய கார்களின் காலிபர்களும் மில்லிமீட்டர் கணக்கே. எனவே அம்பாசிடரில் புதிய காலிபரைப் பொருத்தினால், ஹோஸின் ஒரு முனை அங்குல மரையாகவும் மறுமுனை மில்லிமீட்டர் மரையாகவும் தேவைப்படலாம். இத்தனை ஆண்டுகளில் எந்த மெக்கானிக் எதை மாற்றினாரோ தெரியாது. ஆகையால் காரின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். அளந்து பாருங்கள்.

அடிக்கடி குழப்பம் தருபவை இரண்டு: 3/8 அங்குலத்தில் 24 மரை கொண்ட யுஎன்எப், மற்றொன்று எம்10×1. எக்ஸெல் அல்லது லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமில் ஒரு செல்லில் =25.4/24 என டைப் செய்து என்டர் தட்டுங்கள். 1.058 எனக் கிடைக்கும். இதுதான் யுஎன்எப் மரையின் இடைவெளி, மில்லிமீட்டரில். எம்10×1 மரைக்கு இது சரியாக 1. விட்டத்தில் ஒன்று 9.525 மிமீ, மற்றது 10 மிமீ. வித்தியாசம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு.

3/8 நிப்பிளை எம்10 துளையில் திருகினால் உள்ளே போகும். சற்று லூசாக இருக்கும். கடைசியில் இறுகவும் செய்யும். பிரேக்கை அழுத்தமாக மிதிக்கும்போது ஆயிலின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 1000 பவுண்டைத் தாண்டும். அரைகுறையாகப் பிடித்திருக்கும் மரை அப்போதுதான் கழன்று வரும். அதாவது பிரேக் மிக அவசியமான அந்த நொடியில்.

ஸ்கேனரில் அளப்பது எப்படி?

1. நிப்பிளைத் துடைத்து, ஆயில் பசை இல்லாமல் உலர விடுங்கள். பிரேக் ஆயில் பெயின்ட்டையும் பிளாஸ்டிக்கையும் கெடுக்கும்.

2. ஸ்கேனர் கண்ணாடி மீது மெல்லிய, நிறமற்ற பிளாஸ்டிக் தாள் விரித்து, நிப்பிளைக் கண்ணாடியின் ஓரத்திற்கு இணையாகப் படுக்க வையுங்கள். மூடியை அழுத்த வேண்டாம். மேலே ஒரு வெள்ளைத் துணி போதும்.

3. ரெசல்யூசனை 600 டிபிஐ என அமைத்து ஸ்கேன் செய்யுங்கள். அதாவது ஒரு அங்குலத்துக்கு 600 பிக்ஸெல்.

4. படத்தை பெயின்ட் புரோகிராமில் திறங்கள். ஒரு மரையின் உச்சியில் மவுஸ் கர்சரை வைத்தால், கீழே உள்ள ஸ்டேட்டஸ் பாரில் அந்த இடத்தின் எண் தெரியும். அங்கிருந்து எட்டு இடைவெளிகள் தள்ளி உள்ள உச்சியின் எண்ணையும் குறித்து, கழித்துப் பாருங்கள்.

விடை 200 பிக்ஸெல் என்றால் அங்குலத்துக்கு 24 மரை. 189 என்றால் 1 மிமீ மரை. 236 என்றால் 1.25 மிமீ மரை. எம்10 அளவில் இதுவும் உண்டு. ஒரே ஒரு மரையை அளந்தால் வித்தியாசம் ஓரிரு பிக்ஸெல்தான்; எட்டை அளந்தால் சந்தேகம் இருக்காது. விட்டத்தை டிஜிட்டல் வெர்னியரில் அளந்துகொள்ளுங்கள். ஒர்க்‌ஷாப்பில் பிட்ச் கேஜ் இருந்தால் அதையும் வைத்துச் சரிபாருங்கள்.

மரை மட்டும் போதாது

குழாய் முனையில் விரிக்கப்பட்டிருக்கும் பகுதிதான் ஆயில் கசியாமல் தடுக்கிறது, மரை அல்ல. பல பழைய கார்களில் இது 45 டிகிரி சாய்வில், இரட்டை மடிப்பாக இருக்கும். இன்றைய கார்கள் பலவற்றில் குமிழ் வடிவம். ரேஸ் கார் கடைகளில் கிடைக்கும் ஏஎன் 3 இணைப்பிலும் இதே 3/8 யுஎன்எப் மரைதான். ஆனால் சாய்வு 37 டிகிரி. மரை பொருந்தும்; முனை பொருந்தாது. காலிபரில் பேன்ஜோ போல்ட் என்றால் இருபுறமும் புதிய காப்பர் வாஷர் போடுங்கள். பழையதைத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம்.

ரப்பரா, ஸ்டீல் பின்னலா?

ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் சிறிது உப்பும். ஸ்டீல் பின்னல் ஹோஸ் குறைவாக உப்புவதால் பெடல் கெட்டியாக இருக்கும். ஆனால் அந்தப் பின்னல், உரசும் பொருளை அரம் போல அறுக்கும். எனவே பிளாஸ்டிக் உறை உள்ளதையே வாங்குங்கள். இந்தியாவில் ஹைட்ராலிக் பிரேக் ஹோஸுக்கான தர எண் ஐஎஸ் 7079. அமெரிக்க விதிப்படி தயாரானவற்றில் டிஓடி என்ற எழுத்துகளும், தயாரித்த மாதமும் ஆண்டும் அச்சாகியிருக்கும். தேதி பார்த்து வாங்குங்கள். பழைய ரப்பர் ஹோஸ் உட்புறம் உப்பி அடைத்துக்கொண்டால், ஆயில் போகும், ஆனால் திரும்பி வராது. பிரேக் விடாமல் பிடித்துக்கொள்ளும்.

நீளத்தை ஒரு கயிற்றால் அளக்கலாம். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுவதும் திருப்பி, சக்கரம் தொங்கும் நிலையிலும் அமர்ந்த நிலையிலும் பாருங்கள். ஹோஸ் எந்த நிலையிலும் இழுபடவோ, முறுக்கவோ, டயரில் உரசவோ கூடாது.

ஆர்டர் செய்யும் முன்

ஒரு போல்டர் உருவாக்கி, ஸ்கேன் படங்களுக்கு "முன் இடது, பாடி முனை" என்பது போலப் பெயர் கொடுங்கள். எக்ஸெல்லில் மரை, முனை வகை, நீளம் என மூன்று காலங்கள் போதும். இவற்றைக் கடைக்கு அனுப்பினால் "அம்பாசிடர் ஹோஸ் ஒன்று" என்று கேட்டு ஏமாற வேண்டியதில்லை. பிரேக் மாற்றம் குறித்து வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் நிறுவனத்திலும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

மெக்கானிக்கிடம் இரண்டு விஷயங்களை நினைவூட்டுங்கள். டிரம் பிரேக்குக்கான மாஸ்டர் சிலிண்டரில் சிறிது அழுத்தத்தைத் தக்க வைக்கும் வால்வு இருக்கலாம். அது டிஸ்க்கை விடாமல் உரச வைக்கும். டிஓடி 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் இந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். மலை இறக்கத்தில் இது முக்கியம். டிஓடி 5 சிலிகான் வகை என்பதால் இதனுடன் கலக்கக் கூடாது.

சிவகாசி வட்டாரத்தில் இன்னும் ஒரு எச்சரிக்கை. துருப்பிடித்த குழாயை கிரைண்டரால் அறுக்கும்போது தீப்பொறி பறக்கும். பட்டாசோ மருந்தோ வைத்திருக்கும் இடத்தின் அருகில் இந்த வேலையை வைத்துக்கொள்ளவே கூடாது.

பொருத்தி முடித்து ஏர் எடுத்த பின், வண்டியை நிறுத்தி வைத்தபடியே பெடலை ஒரு நிமிடம் பலமாக அழுத்திப் பிடியுங்கள். மற்றொருவர் ஒவ்வொரு இணைப்பையும் டார்ச் அடித்துப் பார்க்கட்டும். ஒரு சொட்டுக் கசிவு இருந்தாலும் வண்டி சாலைக்குப் போகக் கூடாது.