முதலில் எந்தக் கட்டில்?

அரசு மருத்துவமனைப் பொது வார்டு, இரவு டூட்டி. "சிஸ்டர், டிரிப் முடியப்போவுது, காத்து ஏறிடும்!" என்று ஓடி வருகிறார் ஒருவர். ஆபரேஷன் ஆன அம்மாளுக்கு வலி ஊசி வேண்டும். ஃபேன் ஓடவில்லை என்று இன்னொருவர் சண்டைக்கு நிற்கிறார். மூலைக் கட்டிலில் ஒரு சர்க்கரை நோயாளி. இன்சுலின் போட்டுக்கொண்டவர், சாப்பாட்டைத் தொடவில்லை. உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கப் படுத்திருக்கிறார். அவர் யாரையும் கூப்பிடவில்லை.

அனுபவமுள்ள நர்ஸ் போவது அந்த மூலைக்குத்தான்.

விரல் நுனியில் ஒரு குத்து. சர்க்கரை 70-க்குக் கீழே இருந்து, நினைவும் விழுங்கும் தெம்பும் இருந்தால், 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிப்பார். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மருந்து நரம்பு வழியாகத்தான். தாமதித்தால் வலிப்பு வரும், மூளையே பாதிக்கப்படும். டிரிப் விஷயம் அப்படியல்ல. தொங்கும் பாட்டில் தீர்ந்தால் பெரும்பாலும் ஓட்டம் தானே நின்றுவிடும்.

மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம்: நர்சிங் மாணவிகளுக்கு மனப்பாடமான வரிசை இது. ஆனால் பிபி, காய்ச்சலை ஒழுங்காகக் குறிக்கும் பல வார்டுகளில் மூச்சை மட்டும் எண்ணாமலே '20' என்று எழுதிவிடுகிறார்கள். பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசீஷியன்ஸ் 2012-இல் கொண்டுவந்த எச்சரிக்கை மதிப்பெண் முறையில், மூச்சு நிமிடத்துக்கு 25-ஐத் தொட்டாலே அந்த ஒன்றுக்கு மட்டும் உச்சமான 3 மதிப்பெண். உடனே ஆள் வந்து பார்க்க வேண்டும் என்று அதற்குப் பொருள்.

ரத்தம் ஏற்றும்போது முதல் 15 நிமிடம் நர்ஸின் கண் அந்தக் கட்டிலிலேயே இருக்க வேண்டும். நோயாளி 'குளிருது சிஸ்டர், முதுகு வலிக்குது' என்றால் டாக்டருக்கு போன் போடுவது இரண்டாம் வேலை. முதலில் டியூபை மூட வேண்டும். ஊசியைப் பிடுங்காமல், டியூபை மட்டும் மாற்றி சலைன் ஓட விடுவார்கள். அவசர மருந்துக்கு அந்த வழி வேண்டும். பையிலுள்ள எண், பெயர், ரத்தப் பிரிவு மூன்றையும் மறுபடி ஒப்பிட்டு, பையை ரத்த வங்கிக்கு அனுப்புவார்கள்.

கொடுக்காமல் நிறுத்துவதும் இந்த வேலையில் சேர்த்திதான். கர்ப்பகால வலிப்புக்கு மெக்னீசியம் சல்ஃபேட் போடும் நர்ஸ், அடுத்த டோஸுக்கு முன் முழங்காலைத் தட்டிப் பார்ப்பார், மூச்சை எண்ணுவார், சிறுநீரை அளப்பார். கால் துள்ளவில்லையா, ஊசி இல்லை. முறிமருந்தான கால்சியம் குளுக்கோனேட் கைக்கெட்டும் தூரத்தில் தயாராக இருக்கும்.

வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்க உறவினர்கள் பாய்வது நம் ஊரில் இன்றும் நடக்கிறது. சாவியால் வலிப்பு நிற்பதில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் வைக்காமல், நேரத்தைக் குறிப்பதே சரி. ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் மருந்து.

வார்டில் துணைக்கு இருப்பவர்கள் டிரிப் பாட்டிலோடு நோயாளியின் முகத்தையும் பாருங்கள். பேச்சு குழறினால், மூச்சு வேகமெடுத்தால், எழுப்பியும் எழாவிட்டால் தயங்காமல் சிஸ்டரைக் கூப்பிடுங்கள்.