அலுவிகாரை: ஏட்டில் ஏறிய மறைநூலின் மலை

கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை, வத்துகாமம், உக்குவளை ஆகிய நிலையங்களைக் கடந்து செல்லும் புகையிரதப் பாதை, 1880ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மாத்தளை நிலையத்தோடு முடிந்துவிடுகிறது. அங்கிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் ஏ-9 நெடுஞ்சாலையில், முத்துமாரியம்மன் கோயிலைக் கடந்து வடக்கே சுமார் 3 கிலோமீற்றர் சென்றால், பெரும்பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் குன்றும், அதனை ஒட்டி வளர்ந்த அலுவிகாரை என்னும் ஊரும் எதிர்ப்படுகின்றன. தம்புள்ளைக்கும் சீகிரியாவுக்கும் போகும் பயணிகளிற் பெரும்பாலோர் இதனை வழித்தங்கலாகவே கருதிச் சிறிது நேரத்திற் கடந்துவிடுகின்றனர். ஆயினும், நூற்றாண்டுகளாக மனப்பாடமாகவே காக்கப்பட்ட ஒரு சமயத்தின் மறைநூல் முதன்முதலாக எழுத்தில் ஏறிய இடம் என மரபு போற்றுவது இக்குன்றையே.

மக்கள் குன்றுகளில் ஊர் அமைப்பதற்கு அச்சமே முதற்காரணமாக இருந்து வந்துள்ளது. பிரான்சின் தெற்கிலும் தென்மேற்கிலும் காணப்படும் இடைக்கால மலையூர்கள் கொள்ளையரிடமிருந்தும் படைகளிடமிருந்தும் தம்மைக் காத்துக்கொள்ளப் பாறை உச்சிகளை நாடியவை. அவற்றுள் ரோக்கமடூர் போன்றவை அதனோடு யாத்திரைத் தலங்களாகவும் விளங்கின. அலுவிகாரைக் குன்றும் ஒரு புகலிடமே. ஆனால் இங்கே புகலிடம் தேடி வந்தது செல்வமன்று, மனிதரின் நினைவில் மட்டுமே இருந்த ஒரு நூல்.

அந்நூல் திரிபிடகம், துறவியர் ஒழுக்கத்தைக் கூறும் விநயம், புத்தரின் அறவுரைகளாகிய சுத்தம், தத்துவ ஆய்வாகிய அபிதம்மம் என்னும் மூன்று பகுதிகளைக் கொண்ட பௌத்த மறைநூல். இதனைப் பாணகர் எனப்பட்ட ஓதுவார்கள் தமக்குள் பகுத்துக்கொண்டு, ஒரு குழுவினர் நெடிய உரைகளையும் மற்றொரு குழுவினர் இடைநிலை உரைகளையும் எனத் தலைமுறை தலைமுறையாக வாய்மொழியாகவே காத்துவந்தனர். கி.மு. முதலாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த ஏற்பாடு ஆட்டங்கண்டது. தலைநகர் அநுராதபுரத்தில் முடிசூடிய வட்டகாமணி அபயன், அதாவது சிங்களவர் வலகம்பா என அழைக்கும் மன்னன், சில மாதங்களிலேயே தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்ப் படைத்தலைவர்களிடம் அரசிழந்து மலைநாட்டில் மறைந்து வாழ்ந்தான். அவர்களுள் ஐவர் ஒருவர்பின் ஒருவராகப் பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆட்சி புரிந்தனர். அதே காலத்தில் நாட்டைப் பெரும்பஞ்சமும் வாட்டியது.

ஓதுவார் இறந்தால் அவரோடு நூலும் இறக்கும் என்பதை அப்பஞ்சம் உணர்த்தியது. துறவியருட் சிலர் கடல் கடந்து இந்தியாவுக்குச் சென்றனர் எனவும், எஞ்சியோர் மலைநாட்டில் கிழங்கும் இலையும் உண்டு, நிற்க வலுவற்றபோது படுத்தவாறே பாடங்களை ஓதினர் எனவும் பாளி உரைநூல்கள் கூறுகின்றன. மகாநித்தேசம் என்னும் நூலை அறிந்தவர் ஒரே ஒரு துறவிதான் எஞ்சியிருந்தார் என்றும், அவர் ஒழுக்கங்கெட்டவர் என அறிந்தும் நூல் அழிந்துபடக் கூடாதென்பதற்காக ஏனையோர் அவரிடமே சென்று பாடங்கேட்டனர் என்றும் விநய உரை குறிப்பிடுவது, நிலைமை எவ்வளவு முற்றியிருந்தது என்பதற்குச் சான்றாகும்.

ஏறத்தாழ கி.மு. 89இல் வட்டகாமணி அரசை மீட்டபின், துறவியர் கூடி மறைநூலையும் அதன் உரையையும் ஏட்டில் எழுதினர். எழுதப்பட்ட செய்தியை மகாவம்சம் சுருக்கமாகச் சொல்கிறதேயன்றி இடத்தின் பெயரைத் தரவில்லை. மாத்தளையின் இவ்விகாரையைக் குறிப்பிடுவன பிற்கால நூல்களே. தலைநகரையும் அதன் பூசல்களையும் விட்டு விலகிய குகைகளும், மழைநீர் புகாத பாறை நிழலும் அமைந்த இடம் என்பதால், இம்மரபு பொருந்தாததாகவும் தோன்றவில்லை.

அன்று பயன்பட்ட எழுதுமுறையை இன்றும் இவ்விகாரையில் வருவோர்க்குச் செய்து காட்டுகின்றனர். தாளிப்பனையின் விரியாத இளங்குருத்தை வெட்டி, நடுநரம்பை நீக்கி, சுருட்டி வேகவைத்து, உலர்த்தியபின் வழுவழுப்பான உருளைக் கட்டையின்மீது முன்னும் பின்னுமாக இழுத்துத் தேய்க்கும்போது, முரட்டு ஓலை மிருதுவான ஏடாகிறது. எழுதுபவர் இடக்கையில் ஏட்டைப் பிடித்து, கட்டைவிரல் நகத்தருகே எழுத்தாணியின் கூர்முனையை ஊன்றி எழுத்தைக் கீறுகிறார். அப்போது ஏட்டில் நிறமற்ற கீறல் மட்டுமே இருப்பதால் எழுத்து எளிதிற் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. பின்னர் கரியும் எண்ணெயும் கலந்த மையை ஏடு முழுவதும் பூசித் துடைத்தெடுக்கையில், மேற்பரப்பில் உள்ள மை நீங்கி, கீறலுக்குள் தங்கிய மை மட்டும் கரிய எழுத்தாய்த் தெரிகிறது. ஒரு சில சொற்களுக்கே இத்தனை உழைப்பு தேவைப்படும்போது, முழுத் திரிபிடகத்துக்கும் எத்தனை கைகள் தேவைப்பட்டிருக்கும் என்பதைப் பார்ப்பவர் தாமே கணித்துக்கொள்ளலாம்.

பாதணிகளைக் கழற்றிவிட்டு, தோளும் முழங்காலும் மறையும் உடையோடு படியேறுவோர், பாறைப் பிளவுகளுக்கிடையே அமைந்த குகைக் கோயில்களை ஒவ்வொன்றாகக் காணலாம். ஒன்றில் சுமார் 10 மீற்றர் நீளமுடைய சயன நிலைப் புத்தர் சிலையும், மற்றொன்றில் தீவினையாளர் நரகிற் படும் தண்டனைகளை ஒளிவுமறைவின்றித் தீட்டிய ஓவியங்களும் உள்ளன. பூதமொன்று தன் உலைப்பானையை ஏற்றிவைத்த அடுப்புக்கற்களே இப்பாறைகளுள் மூன்று என்பது ஊரார் சொல்லும் கதை.

வேறொரு குகை, கி.பி. 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த உரையாசிரியர் புத்தகோசருக்கு உரியது. அநுராதபுர மகாவிகாரையில் தங்கி, சிங்களத்தில் இருந்த பழைய உரைகளைப் பாளியில் ஆக்கிய அவர், தாம் காஞ்சிபுரத்தில் வாழ்ந்ததைத் தம் உரையொன்றின் முடிவில் குறிப்பிடுகிறார். அவர் காலத்தவராகக் கருதப்படும் புத்ததத்தரோ சோழநாட்டவர். வட்டகாமணியின் அரசைப் பறித்த தமிழரைப் பற்றி மட்டும் கேட்டுப் பழகியவர்கள், அதே நூல்மரபுக்கு உரைவளம் சேர்த்ததில் தமிழகத்துக்கும் பங்குண்டு என்பதை இக்குகையில் நினைவுகூரலாம்.

குன்றின் ஏடுகள் இறுதியில் அழிந்தது பஞ்சத்தாலன்று. பிரித்தானிய ஆளுநர் டொரிங்டன் விதித்த புதிய வரிகளை எதிர்த்து 1848இல் கிளர்ச்சி மூண்டு, கொங்காலேகொட பண்டா ஜூலை 28ஆம் திகதி தம்புள்ளையில் மன்னராக முடிசூட்டப்பட்டார். கிளர்ச்சியாளர் மாத்தளையைத் தாக்கினர். பிரித்தானியப் படை அதனை ஒடுக்கி, கிளர்ச்சித் தலைவர்களுள் ஒருவரான வீரபுரன் அப்புவை ஆகஸ்ட் 8ஆம் திகதி கண்டியிற் சுட்டுக் கொன்றது. அக்குழப்பத்தில் விகாரையின் நூலகமும் அழிந்தது. ரோக்கமடூரின் தேவாலயங்களும் 1562இல் மதப்போரின்போது சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டவையே. இன்று யாத்திரிகர் ஏறும் அதன் 216 படிகளுக்கு மேலுள்ள கட்டடங்கள் பெரிதும் 19ஆம் நூற்றாண்டில் புதுப்பிக்கப்பட்டவை. குன்றின் உயரம் எவ்விடத்தையும் என்றென்றும் காத்ததில்லை.

நூலகம் அழிந்தும் நூல் அழியாமைக்குக் காரணம், எழுதப்பட்டது குன்றிலேயே தங்கிவிடாமல் படியெடுக்கப்பட்டுக் கடல் கடந்து சென்றதுதான். அவ்வாறு கடல் கடந்த மரபு, தேவைப்பட்டபோது திரும்பியும் வந்தது: துறவறத்தின் முழுத்தகுதியாகிய உபசம்பதை இலங்கையில் அற்றுப்போனபோது, 1753இல் சீயத்திலிருந்து வந்த உபாலி தேரரே அதனைக் கண்டியில் மீண்டும் நிறுவினார். அலுவிகாரையின் நூலகம் அழிந்து இருபது ஆண்டுகளுக்குள், 1868இல், பர்மாவின் மண்டலேயில் மின்டோன் மன்னர் அதே திரிபிடகத்தை 729 சலவைக்கற் பலகைகளிற் பொறித்து முடித்திருந்தார். ஆகவே, இக்குன்றில் முதற்படியைத் தேடுவோர் ஏமாற்றமடைவர். ஆனால் நூலொன்றைக் காக்க விரும்புவோர் அதனைப் பூட்டிவைப்பதைவிடப் பிறர் படியெடுக்கக் கொடுப்பதே மேல் என்பதற்கு இக்குன்றைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு காண்பது அரிது.