வீட்டுக் கம்ப்யூட்டரில் வேதிவினையும் கதிரியக்கமும்

பிள்ளைகளின் படிப்புக்கு என்று சொல்லித்தான் பல வீடுகளில் கம்ப்யூட்டர் வாங்குகிறோம். முதல் இரண்டு மாதம் கேம்ஸ், சினிமாப் பாட்டு, கல்யாண போட்டோக்கள் என்று ஓடிவிடும். ‘படிப்புக்கு இதில் என்னதான் இருக்கிறது?’ என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வரும்.

சேலம் அம்மாபேட்டையில் எங்கள் தெருவில் உள்ள ஒரு நெசவாளர் வீட்டிலும் இந்தக் கேள்வி வந்தது. தவணையில் வாங்கிய கம்ப்யூட்டர், தறிக்குப் பக்கத்து அறையில் துணி போர்த்தி இருந்தது. பத்தாம் வகுப்பு படிக்கும் அவர் மகள் ஒருநாள் புத்தகத்தோடு வந்தாள். “அண்ணா, சுண்ணாம்புக்கல்லைச் சூடாக்கினா சிதைவுன்னு சொல்றாங்க. யுரேனியத்துக்கும் சிதைவுன்னுதான் சொல்றாங்க. ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சு டெஸ்ட்ல எழுதிட்டேன். மார்க்கே வரலை” என்றாள். அரையாண்டுத் தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

கேள்வி நியாயமானதுதான். 2019-இல் வெளிவந்த தமிழக அரசின் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் 6-ஆம் பாடம் அணுக்கரு இயற்பியல், 10-ஆம் பாடம் வேதிவினைகளின் வகைகள். இரண்டிலும் ‘சிதைவு’ வருகிறது. சொல் ஒன்று, நடப்பது வேறு. இந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க ஒரு கம்ப்யூட்டரும் இன்டர்நெட் இணைப்பும் போதும்.

முதலில் நம் ஊர்க் கல்

சேலத்துக்காரர்களுக்கு மேக்னசைட் புதிதல்ல. ஏற்காடு அடிவாரத்தில் வெட்டி எடுக்கப்பட்ட வெள்ளைக் கல் அது. வேதியியலில் அதன் பெயர் மெக்னீசியம் கார்பனேட். சூளையில் இட்டுச் சூடாக்கினால் மெக்னீசியம் ஆக்சைடும் கார்பன் டை ஆக்சைடும் கிடைக்கும். இரும்பு உலைகளின் உட்புறம் பதிக்கும் செங்கல்லுக்கு இந்த ஆக்சைடு பயன்படுகிறது.

கணக்கைப் பாருங்கள். 84 கிலோ சுத்தமான மேக்னசைட்டைச் சுட்டால் சூளையில் மிஞ்சுவது 40 கிலோதான். மீதி 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகக் காற்றில் போய்விடுகிறது. 40-ஐயும் 44-ஐயும் கூட்டினால் அதே 84. எந்த அணுவும் அழியவில்லை, எந்த அணுவும் வேறாக மாறவும் இல்லை. சேர்ந்திருந்தவை பிரிந்தன, அவ்வளவுதான். இது வேதிச் சிதைவு.

ஃபெட் சிமுலேஷன்

இதை மானிட்டரில் பார்க்க உதவுவது ‘ஃபெட்’ என்ற இணையதளம். இயற்பியலில் 2001-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரான கார்ல் வீமன், அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-இல் தொடங்கிய திட்டம் இது. பணம் கட்ட வேண்டியதில்லை. செய்முறை இதோ:

1. பிரவுசரைத் திறந்து, தேடும் பெட்டியில் பி, எச், இ, டி என்ற நான்கு ஆங்கில எழுத்துகளோடு கொலராடோ என்றும் டைப் செய்து என்டர் தட்டுங்கள்.

2. தளம் திறந்ததும் வேதியியல் பிரிவில் ‘பாலன்சிங் கெமிக்கல் ஈக்குவேஷன்ஸ்’ என்பதைத் தேடி, நடுவில் உள்ள ப்ளே பட்டனை க்ளிக் செய்யுங்கள். தனியாக எதையும் இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை.

3. உள்ளே ‘இன்ட்ரோ’ என்பதைத் தேர்வு செய்யுங்கள். அம்மோனியா தயாரித்தல், நீரைப் பிரித்தல், மீத்தேனை எரித்தல் என்று மூன்று வினைகள் இருக்கும். எண்களைக் கூட்டிக் குறைத்தால் மூலக்கூறுகளின் படம் மாறும்.

4. தராசுப் படத்தை வரவழைத்துக்கொள்ளுங்கள். இரு தட்டிலும் ஒவ்வொரு அணுவும் சம எண்ணிக்கையில் இருந்தால்தான் தராசு நேராக நிற்கும்.

நீரைப் பிரிக்கும் வினையை எங்கள் தெருப் பெண் நான்கு முறை தவறாகப் போட்டாள். ஐந்தாவது முறை தராசு நேராக நின்றது. “ஹைட்ரஜன் ஹைட்ரஜனாவே இருக்கு, ஆக்சிஜன் ஆக்சிஜனாவே இருக்கு” என்று அவளே சொன்னாள். பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

அணுவே மாறினால்?

மீதிப் பாதியை வீட்டிலோ பள்ளி ஆய்வகத்திலோ செய்து காட்ட முடியாது. யுரேனியத்தை யாரும் கடையில் வாங்க முடியாது. கம்ப்யூட்டர் தன் விலைக்கு நியாயம் செய்வது இங்கேதான்.

அதே தளத்தில் ‘பில்ட் எ நியூக்ளியஸ்’ என்ற சிமுலேஷனைத் திறந்து ‘டிகே’ பகுதிக்குப் போங்கள். புரோட்டான் 6, நியூட்ரான் 8 சேருங்கள். இதுதான் கார்பன்-14. பக்கத்தில் பீட்டா மைனஸ் சிதைவுக்கான பட்டன் ஒளிரும். அதை க்ளிக் செய்தால் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறும், ஒரு எலக்ட்ரான் வெளியேறும். இப்போது புரோட்டான் 7. திரையில் பெயரும் மாறிவிடும்: நைட்ரஜன்-14!

கார்பன் இருந்த இடத்தில் நைட்ரஜன். மேக்னசைட் சூளையில் இது ஒருநாளும் நடக்காது. இன்னொரு வித்தியாசமும் உண்டு. மேக்னசைட் சிதைய நெருப்பு வேண்டும். யுரேனியத்துக்கு யாரும் தீ மூட்ட வேண்டியதில்லை, அது தானாகவே சிதைகிறது. சூளையில் இட்டாலும் ஐஸில் வைத்தாலும் வேகம் மாறாது. யுரேனியம்-238-இல் பாதி சிதைய சுமார் 447 கோடி ஆண்டுகள் ஆகும். தைராய்டு சிகிச்சைக்குப் பயன்படும் அயோடின்-131-க்கு 8 நாட்கள் போதும். இந்தக் கால அளவுதான் அரை ஆயுட்காலம்.

புளியங்கொட்டையும் ஸ்ப்ரெட்ஷீட்டும்

அரை ஆயுட்காலம்தான் பிள்ளைகளை அதிகம் குழப்புகிறது. அதற்கு 64 புளியங்கொட்டை எடுத்து, தாயம் விளையாடத் தேய்ப்பதுபோல் ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் தரையில் உருட்டுங்கள். வெள்ளை மேலே விழுந்தவை ‘சிதைந்தவை’. அவற்றை விலக்கிவிட்டு மிச்சத்தை எண்ணி எழுதி, மீண்டும் உருட்டுங்கள். இப்படி ஆறு முறை.

இனி கம்ப்யூட்டருக்கு வாருங்கள். எக்ஸெல் இல்லாவிட்டால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும்.

1. ஏ1 செல்லில் 64 என டைப் செய்யுங்கள்.

2. ஏ2 செல்லில் சமக்குறி, ஏ1, வகுத்தல் குறி, 2 என்று இடைவெளி விடாமல் டைப் செய்து என்டர் தட்டுங்கள். 32 என்று வரும்.

3. ஏ2-இன் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தை மவுஸால் பிடித்து ஏ7 வரை இழுங்கள். 16, 8, 4, 2, 1 என்று தானே நிரம்பும்.

4. பி1 செல்லில் 64 என்று போட்டு, கீழே உங்கள் எண்ணிக்கைகளை வரிசையாக டைப் செய்யுங்கள்.

5. இரண்டு காலத்தையும் செலக்ட் செய்து, இன்சர்ட் மெனுவில் சார்ட், பிறகு லைன் என்று தேர்வு செய்யுங்கள்.

எங்களுக்கு வந்தது 64, 35, 16, 9, 3, 2, 0. இரண்டு கோடுகளும் ஏறக்குறைய ஒட்டியே இறங்கின. எந்தக் கொட்டை அடுத்து வெள்ளையாக விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் மொத்தத்தில் பாதி போகும் என்று சொல்லிவிடலாம். அணுக்களுக்கும் இதே கதைதான்.

இந்தக் கணக்கு நம் வரலாற்றையும் சொல்கிறது. 2019-இல் தமிழகத் தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கையில், கீழடியில் கிடைத்த ஒரு மாதிரியின் காலம் கி.மு. 580 என்று குறிப்பிடப்பட்டது. கார்பன்-14 அளவை வைத்துத்தான் அது தெரிந்தது. கார்பன்-14-இன் அரை ஆயுட்காலம் சுமார் 5730 ஆண்டுகள். கீழடி மாதிரிக்கு வயது சுமார் 2600. அதாவது பாதி கூடக் குறைந்திருக்காது. கணக்குப்படி சுமார் 73 சதவீதம் மிச்சம் இருக்கும்.

கவனிக்க

சிமுலேஷனில் பார்த்த உற்சாகத்தில் பிள்ளைகள் வீட்டில் உள்ளதையெல்லாம் கலந்து பார்ப்பார்கள். ஆப்பசோடாவில் எலுமிச்சைச் சாறு விட்டு நுரை வருவதைப் பார்க்கட்டும், தவறில்லை. ஆனால் ப்ளீச்சிங் பவுடரையும் பாத்ரூம் ஆசிட்டையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. வெளிவரும் குளோரின் வாயு நுரையீரலைப் பாதிக்கும்.

சிமுலேஷன் ஓர் உதவிதான். பார்த்து முடித்ததும் கம்ப்யூட்டரை ஆஃப் செய்துவிட்டு, பார்த்ததைச் சொந்த வார்த்தையில் எழுதச் சொல்லுங்கள். எங்கள் தெருப் பெண் நோட்டில் எழுதியது இதுதான்: “வேதிச் சிதைவில் அணுக்கள் பிரியும். கதிரியக்கச் சிதைவில் அணுவே வேறாகும்.” அதைப் படித்த அவள் அப்பா, மறுநாள் கம்ப்யூட்டர் மேல் துணி போர்த்தவில்லை.