எங்கள் ஊர்க் கழுதைகள்

தமிழிலே கழுதையைப் புகழ்ந்து கூறும் பழமொழி ஒன்றேனும் உண்டா என்று நான் பலகாலம் தேடியதுண்டு, கிடைத்ததில்லை. கற்பூர வாசனை அறியாதது கழுதை. கெட்டால் குட்டிச்சுவரை நாடுவது கழுதை. தேய்ந்து கட்டெறும்பாவதும் கழுதையே. பாடம் ஒப்புவிக்கத் தவறிய மாணாக்கனை ஆசிரியர் அழைக்கும் பெயரும் அதுவேதான். முப்பத்தேழு ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்த நானும் அப்பெயரைத் தாராளமாக வழங்கியவன். அந்தப் பாவத்துக்குப் பிராயச்சித்தமாகவே இக்கட்டுரையை எழுதுகின்றேன் என்று வாசகர்கள் கொண்டாலும் தவறில்லை.

நான் வாழும் ஊர் மன்னார். ஈழத்தின் வடமேற்குக் கரையிலிருந்து இந்தியாவை நோக்கிக் கை நீட்டினாற்போல், ஏறத்தாழ 26 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் தீவிலே, பெருநிலத்தை அடுத்த முனையில் அமைந்த சிறு பட்டினம். தாம்போதியைக் கடந்ததும் வலப்புறமும் இடப்புறமும் கடல் விலக, 1560 இல் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை முதலிலே காட்சி தரும். அதற்கடுத்துக் காட்சி தருவது கழுதை.

1978 ஆம் ஆண்டு, யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றிலிருந்து நியமனக் கடிதத்துடன் நான் இங்கு வந்திறங்கியபோது நண்பகல். பேருந்து நிலையத்தின் நிழற்கூரையின் கீழ் மூன்று கழுதைகள் சாவதானமாக நின்றன. பயணிகளோ குடையும் கைக்குட்டையுமாக வெயிலில் நின்றனர். இவ்வநியாயத்தைக் கண்டு திகைத்து நின்ற என்னை எதிரிலிருந்த தேநீர்க்கடைக்காரர் பார்த்துச் சிரித்தார்.

"மாஸ்டர் ஊருக்குப் புதிசு போல. அதுகள் பழைய ஆக்கள். நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

அன்று தொடங்கியது எங்கள் நட்பு. அவர் என்னிலும் மூத்தவர்; ஊரார் அழைப்பதுபோலவே நானும் அவரைக் காக்கா என்றழைத்து வந்தேன்.

இவ்வூரின் இயல்புகள் புதியவனுக்கு எளிதில் பிடிபடுவனவல்ல. சோளகக் காற்று எழும் மாதங்களில் கதவைத் திறந்துவைத்துச் சோறுண்பவன் மணலைக் கறியாகக் கொள்ளவேண்டும். வேற்றூரில் நீர் வேண்டுவோன் கிணற்றை ஆழமாக வெட்டுவான். இங்கு ஆழ வெட்டுவோன் உப்பையே காண்பான். மழைநீர் மணலுக்குள் இறங்கி, உவர்நீரின் மேல் மெல்லியதோர் படையாக நிற்பதே எங்கள் நன்னீர். அளவோடு அள்ளுவோர்க்கே அது கிடைக்கும். கருவாட்டு மணம் வீசுவதை வந்தவர் குறையாகச் சொல்வர். ஊரவரோ அது வீசாத நாளில், இன்று கடலுக்கு என்ன நேர்ந்தது என்று வினவுவர்.

கழுதைகளுக்கும் இங்கே ஒரு தினசரி ஒழுங்கு உண்டு. விடியலில் மரக்கறிச் சந்தையின் பின்புறத்தில் கோவா இலைக்காகக் கூடும். வெயில் ஏற, மதிலோரங்களில் நிழலைத் தேடும். மாலையில் கடைக்காரர் எறியும் அட்டைப்பெட்டிகளைத் தின்னும். அவற்றோடு பொலித்தீன் பையும் வயிற்றுக்குள் போய்ச் சில உயிர்கள் மாய்வதுமுண்டு. இரவில் தார்வீதி பகற்சூட்டை வைத்திருக்குமாதலால் அங்கேயே படுத்துறங்கும்.

இவை அராபிய வணிகரோடு வந்தவை என்பது ஊர் வழக்கு. காக்காவின் வாப்பா காலத்தில் தண்ணீரும் விறகும் உப்பும் இவற்றின் முதுகிலேதான் ஊர்ந்தனவாம். பின்னர் லொறியும் உழவு இயந்திரமும் வந்தன. பொதி இறக்கப்பட்டது, கயிறும் அவிழ்க்கப்பட்டது. உழைத்து ஓய்ந்த எனக்கு ஓய்வூதியம் உண்டு. இவற்றுக்குத் தெருவைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை.

பள்ளிமுனையிலே பெருக்கு மரம் ஒன்று நிற்கின்றது. ஆபிரிக்காவுக்குரிய இம்மரமும் அவ்வணிகரே கொண்டுவந்தது என்பர்; 700 ஆண்டுகளுக்கு மேற்பட்டது என்றும் கூறுவர். அடிமரத்தின் சுற்றளவு 19 மீற்றருக்கும் அதிகம். அதற்குச் சுற்றுமதில் உண்டு. அறிவிப்புப் பலகை உண்டு. தென்னிலங்கையிலிருந்து வந்து அதன் முன்னே நின்று படமெடுத்துச் செல்வோரும் பலர். கழுதையின் பூர்வீகமும் ஆபிரிக்காவே. ஒரே திசையிலிருந்து வந்தனவாக ஊர் கூறும் விருந்தினர் இருவரில், அசையாது நின்றவருக்கு மதிப்பும், சுமந்து உழைத்தவருக்குக் கல்லெறியும் வாய்த்தன.

1990 ஆம் ஆண்டைப் பற்றி இங்கு சொல்லாது விட முடியாது. போர் மூண்டது. அந்த ஆண்டிலேயே நான் மனைவி மக்களோடு படகேறி இராமேசுவரம் சென்று மண்டபம் முகாமில் ஒதுங்கினேன். ஒக்டோபர் மாத இறுதியில், ஆயுதந் தாங்கியோரின் கட்டளையால் வடபுலத்து முஸ்லிம்கள் அனைவரும் தம் ஊர்களைவிட்டு வெளியேற்றப்பட்டனர். காக்காவும் குடும்பத்தினரும் கடல்வழியே கற்பிட்டிக்குச் சென்று, புத்தளத்து ஓலைக்குடிசையிலே வாழத் தொடங்கினர். அன்று நான் ஊரில் இல்லை. இருந்திருந்தால் தடுத்திருப்பேன் என்று சொல்ல எனக்குத் துணிவும் இல்லை.

1992 இல் நான் திரும்பி வந்தபோது தேநீர்க்கடையின் கூரை போய்விட்டிருந்தது. சுவர்கள் மட்டும் நின்றன. அவற்றின் நிழலிலே கழுதைகள் நின்றன. கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்று எத்தனை மாணாக்கருக்கு நான் பொருள் சொல்லியிருப்பேன்! கெட்டது கழுதையன்று, ஊர் என்பதை அன்று கண்டேன். மனிதர் அனைவரும் ஏதோவொரு திசையில் ஓடிவிட, ஊரை விட்டுப் போகாதிருந்தவை அவை மட்டுமே. போர் ஓய்ந்த 2009 இன் பின்னர்தான் காக்கா திரும்பினார். அதே இடத்தில் மீண்டும் கடை வைத்தார்.

சென்ற ஆண்டு என் பழைய மாணாக்கன் ஒருவன் வேறு சிலரோடு என் வீட்டுக்கு வந்தான். இரவில் மோட்டார்ச் சைக்கிளில் வரும்போது வீதியில் நின்ற கழுதையுடன் மோதிக் கால் முறிந்து, ஊன்றுகோலோடு நடப்பவன் அவன்.

"சேர், இந்தக் கழுதையளை ஊரைவிட்டு எடுக்கச் சொல்லி ஒரு மனுக் குடுக்கப் போறம். நீங்கள் எழுதித் தந்தால்தான் அதுக்கு ஒரு வலு இருக்கும்."

அவனது காலைப் பார்த்த பின்னர் என்னால் மறுக்க இயலவில்லை. தாளும் பேனாவுமாகக் காக்காவின் கடைக்குச் சென்று அமர்ந்து, அரைமணி நேரத்தில் எழுதி முடித்தேன். எழுதியதைப் பெருமையோடு உரக்கப் படித்தும் காட்டினேன்: "மேற்படி பிராணிகளால் ஊருக்கு யாதொரு பயனும் இன்மையாலும், பொதுமக்களுக்கு அவை இடையூறாக இருப்பதாலும், அவற்றை இத்தீவிலிருந்து முற்றாக வெளியேற்றுமாறு..."

காக்கா குவளையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"மாஸ்டர், அந்தக் கடைசி வரிய இன்னொருக்கா வாசிங்க."

வாசிக்கத் தொடங்கினேன். 'வெளியேற்றுமாறு' என்ற சொல்லுக்கு வந்ததும் என் குரல் தானே நின்றுவிட்டது.

அவர் கோபிக்கவில்லை. "கற்பிட்டியில போட்டால இறங்கின நேரம் எங்களுக்கு ஒருத்தரையும் தெரியாது," என்றார். "கரையில ஒரு கழுதை நிண்டது. என்ட சின்ன மகள் அதக் கண்டிட்டு, 'வாப்பா, நம்மட ஊருக்கே திரும்பி வந்திட்டம்' எண்டு சிரிச்சா."

அவ்வளவுதான் அவர் சொன்னது. பின்னர் எனக்குத் தேநீர் ஊற்றினார். நான் அத்தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

மறுநாள் மாணாக்கனைத் தேடிச் சென்றேன். அஞ்சிய குதிரை ஓடும்; அஞ்சிய கழுதையோ அசையாது நிற்கும். அதனை நாம் பிடிவாதம் என்கின்றோம். வாகன வெளிச்சத்தைக் கண்டும் அது வீதியைவிட்டு விலகாதது அதனாலேயே என்று நான் படித்தறிந்ததை எடுத்துக் கூறினேன்.

"அதெல்லாம் சரி சேர். கால் முறிஞ்சது எனக்கல்லோ," என்றான்.

அதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை; இன்றும் இல்லை. நெடுநேரம் இருவரும் பேசாதிருந்தோம். முடிவில் இருவருமாக வேறொரு மனுவை எழுதினோம். இரவில் ஒளிவீசும் பட்டிகளைக் கழுதைகளின் கழுத்தில் அணிவித்தல், பட்டினத்து எல்லையில் நீர்த்தொட்டியும் மேய்ச்சல் நிலமும் அமைத்து அவற்றை வீதியிலிருந்து மெல்லப் பழக்கி விலக்குதல், குப்பைத் தொட்டிகளுக்கு மூடியிடுதல் என மூன்று வேண்டுகோள்கள். அவன் முதலாவதாகக் கையொப்பமிட்டான்; மகிழ்ச்சியோடு இட்டான் என்று சொல்லமாட்டேன். உடன் வந்தோரிற் சிலர் இடவில்லை. அவர்களுட் சிலர் இன்றும் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றனர். அவர்களது நியாயம் அவர்களுக்கு.

கடந்த வாரம் பேருந்து நிலையத்தில், கையில் கோப்புறையுடன் இளம் ஆசிரியை ஒருத்தி வெயிலில் நின்றாள். புதிய நியமனம் என்பது முகத்திலேயே தெரிந்தது. நிழற்கூரையின் கீழ் ஒரு தாய்க்கழுதையும் அதன் குட்டியும் நின்றன. அவள் அவற்றைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

"அதுகள் பழைய ஆக்கள், பிள்ளை," என்றேன். "நாங்கள் கொஞ்சம் தள்ளி நிற்பம், எல்லாருக்கும் இடம் இருக்குது."

அவள் தயங்கித் தயங்கி நிழலுக்குள் வந்தாள். குட்டி ஓரடி விலகி நின்று இடம் கொடுத்தது.