ஆசாவின் 36-ஆம் வருஷம்

ஓடத் தொடங்குவது பெரிசில்ல, கடைசிவரை ஓடணும்னு சபையில அடிக்கடி கேட்டிருப்போம். இந்த விஷயத்துக்கு நம்ம ஆட்கள் உடனே எடுக்கிற உதாரணம் தேமா, இல்லாட்டி சாலொமோன். எனக்கு அவர்களைவிட அதிகமாய் நெருடுகிறவன் யூதாவின் ராஜா ஆசா. 2 நாளாகமம் 14 முதல் 16 வரை அவனுடைய கதை இருக்கு. ஒரே மூச்சில் வாசித்தால் அரை மணி நேரம்கூட ஆகாது.

அவன் மொத்தம் 41 வருஷம் ஆண்டான். தொடக்கம் அருமை. அந்நிய பலிபீடங்களை அகற்றினான். எத்தியோப்பியனாகிய சேரா பத்துலட்சம் பேரோடு வந்தபோது ஆசாவிடம் இருந்தவர்கள் 5,80,000 பேர். கணக்குப்படி பாதிக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். அவன் ஜெபித்தான், கர்த்தர் ஜெயம் கொடுத்தார். 15-ஆம் வருஷத்தில் ஜனங்களைக் கூட்டி உடன்படிக்கை செய்தான். விக்கிரகம் வைத்திருந்த மாகாளை, சொந்தக் குடும்பம் என்றும் பார்க்காமல், ராஜாத்தி ஸ்தானத்திலிருந்து விலக்கினான். தகப்பன் நேர்ந்துவைத்த வெள்ளியையும் பொன்னையும், தான் நேர்ந்துகொண்டதையும் ஆலயத்துக்குள் கொண்டுவந்து வைத்தான்.

16-ஆம் அதிகாரத்தில் எல்லாம் மாறுது. இஸ்ரவேலின் ராஜா பாஷா ராமாவைக் கட்டி, யூதாவுக்குப் போக்குவரத்தை அடைக்கப் பார்க்கிறான். ராமா எருசலேமுக்கு வடக்கே ரொம்ப பக்கத்து ஊர். ஆசா என்ன செய்கிறான்? ஆலயத்துப் பொக்கிஷத்தை எடுத்து தமஸ்குவிலிருந்த பெனாதாத்துக்கு அனுப்பி, பாஷாவை முதுகில் தாக்கச் சொல்கிறான். கொண்டுவந்து வைத்த அதே கை, இப்போ எடுத்துக் கொடுக்குது.

இதில் கவனிக்கவேண்டியது, திட்டம் பலித்தது! பாஷா ராமாவை விட்டுப் போனான். அவன் போட்டுவிட்டுப் போன கல்லையும் மரத்தையும் கொண்டு ஆசா கேபாவையும் மிஸ்பாவையும் கட்டினான். (மிஸ்பா என்று பலர் கருதும் தெல் என்-நஸ்பே மேட்டை 1926 முதல் 1935 வரை தோண்டினார்கள். மிகத் தடிமனான மதில் கிடைத்தது. அதை ஆசாவோடு சேர்த்துப் பேசுகிற ஆராய்ச்சியாளர்கள் உண்டு.) வெளியிலிருந்து பார்த்தால் புத்திசாலி ராஜா. ஜெபிக்காமலே வேலை நடந்துவிட்டது என்பதுதான் ஆபத்து. தோற்றிருந்தால் ஒருவேளை திரும்பியிருப்பான்.

இனி தலைப்பிலுள்ள சிக்கல். இது நடந்தது ஆசாவின் 36-ஆம் வருஷம் என்று நாளாகமம் சொல்லுது. ஆனா 1 இராஜாக்கள் 16:8-இன்படி ஆசாவின் 26-ஆம் வருஷத்திலேயே பாஷாவின் மகன் ஏலா பட்டத்துக்கு வந்துவிட்டான், அதாவது பாஷா அப்போதே இல்லை. செத்தவன் பத்து வருஷம் கழித்து வந்து ராமாவைக் கட்ட முடியுமா? பிரதி எடுத்தவர்கள் 16-ஐ 36 என்று எழுதிவிட்டார்கள் என்பது ஒரு விளக்கம். மற்றது, ராஜ்யம் இரண்டாய்ப் பிரிந்ததிலிருந்து எண்ணிய 36 என்பது. ரெகொபெயாம் 17, அபியா 3, ஆக 20. 36-இல் 20 போனால் ஆசாவின் 16-ஆம் வருஷம். இரண்டு விளக்கமும் ஒரே இடத்துக்கு வந்து நிக்குது பாருங்க. எனக்கு இரண்டாவது பொருத்தமாய்ப் படுது, அடித்துச் சொல்லமாட்டேன்.

இது வெறும் கணக்கு இல்ல. 36 என்று அப்படியே எடுத்தால், இருபது வருஷ சமாதானத்தில் மெள்ள மெள்ள தளர்ந்தவன் ஆசா. 16 என்று எடுத்தால், உடன்படிக்கை செய்த அடுத்த வருஷமே சறுக்கியவன். நாம் பொதுவாக முதல் வகையைத்தான் எச்சரிக்கிறோம். கன்வென்ஷன் முடிந்து வீட்டுக்கு வந்த மறுவாரம் என்னையே நான் பார்த்திருக்கிறேன், இரண்டாவது வகை எனக்கு அந்நியமில்லை.

சறுக்கினது முடிவும் இல்ல. ஞானதிருஷ்டிக்காரனாகிய அனானி வந்து, சேராவின் நாளை ஞாபகப்படுத்தி, கண்டித்துப் பேசினான். தாவீதுக்கு ஒரு நாத்தான் வந்தது போல. தாவீது பாவத்தை அறிக்கைசெய்தான். ஆசாவோ கோபப்பட்டு அனானியைக் காவலில் வைத்தான், ஜனத்திலும் சிலரை ஒடுக்கினான். என் பார்வையில் கதை திரும்புகிற இடம் பெனாதாத் அல்ல, இந்தக் காவலறைதான்.

39-ஆம் வருஷம் கால்களில் கடும் வியாதி. அப்போதும் கர்த்தரைத் தேடாமல் வைத்தியர்களையே தேடினான். இதை வைத்து மருந்து சாப்பிடக்கூடாதென்று போதிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: லூக்கா வைத்தியன்தான். குற்றம் வைத்தியரிடம் போனதில் இல்லை, கர்த்தரிடம் போகாததில். அனானியை உள்ளே வைத்தவனுக்கு, அனானியின் தேவனிடம் போக வாய் வரவில்லை என்றே நினைக்கிறேன்.

ஆனாலும் 15:17 அவன் இருதயம் அவன் நாளெல்லாம் உத்தமமாயிருந்ததாகச் சொல்லுது. எப்படி? அந்த வசனம் விக்கிரக விஷயத்தில் வருது. கடைசிவரை ஆசா எந்தச் சிலையையும் வணங்கவில்லை. வேறு தேவனிடம் போகவில்லை, தன் தேவனிடமும் கேட்கவில்லை.

ஆசாவுக்குப்பின் மகன் யோசபாத் ராஜாவானான். அவனும் ஒரு தப்பான கூட்டணி வைத்தான், ஆகாபோடு. அவனைக் கண்டிக்க எருசலேமில் எதிர்கொண்டு வந்தவன் யெகூ, காவலில் கிடந்த அந்த அனானியின் மகன். யோசபாத் அவனைப் பிடித்து உள்ளே போடவில்லை. பெயெர்செபாவிலிருந்து எப்பிராயீம் மலைத்தேசம்வரை தானே ஜனங்களுக்குள்ளே போய், அவர்களைக் கர்த்தரிடத்துக்குத் திருப்பினான்.