பண்டிகைக் காலத்தில் இல்லச் சிக்கனம்

தசராவில் தொடங்கித் தீபாவளியைக் கடந்து சத் பூஜை வரை நீளும் ஏறத்தாழ ஒரு மாத காலம், வட இந்தியக் குடும்பங்களுக்கு மகிழ்ச்சியும் செலவும் ஒருங்கே பெருகும் காலமாகும். கங்கைச் சமவெளியில் நெல் முழுவதும் வீடு வந்து சேராத நாட்கள் இவை. கோதுமை விதைப்புக்கு வேண்டிய விதையும் உரமும் வாங்க வேண்டிய பருவமும் இதுவே. ஆதலின் பண்டிகைக்காகக் கைமீறிச் செலவிடும் சிறு விவசாயி விதைக்கெனக் கடன் வாங்க நேரிடுகிறது. குளிர்காலம் தொடங்குவதால் வீட்டிலும் வெளியிலும் எழும் புகை எளிதில் கலைந்து செல்லாத காலமும் இதுவேயாகும்.

சிக்கனம் என்றவுடன் பண்டிகையைக் குறைத்துக்கொள்ளச் சொல்லுகிறார்கள் என்று மக்கள் எண்ணுவதுண்டு. அவ்வாறு எண்ண இடமளிக்கும் அறிவுரையால் பயன் விளையாது. குறைக்க வேண்டியது பண்டிகையை அன்று. வழிபாட்டுக்கும் உதவாமல், உண்பவர்க்கும் உதவாமல் வீணாகும் பகுதியையே குறைக்க வேண்டும். எரியாத விறகு புகையாகிறது. மிஞ்சிய எண்ணெய் கழிவாகிறது. கெட்ட பலகாரம் குப்பையாகிறது. இவற்றுக்குக் குடும்பம் ஒரு முறை பணம் கொடுக்கிறது. பின்னர்க் கண்ணெரிச்சலும் நோயும் மாசுபட்ட நீருமாக மறுமுறையும் விலை கொடுக்கிறது.

சத் பூஜை காட்டும் வழி

பீகாரிலும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும் கொண்டாடப்பெறும் சத் பூஜை இவ்வகையில் ஆராயத்தக்கது. தீபாவளி அமாவாசைக்குப் பின் ஆறாம் நாள் மாலையில் மறையும் சூரியனையும், மறுநாள் காலையில் உதிக்கும் சூரியனையும் நீரில் நின்று வழிபடுவது இதன் சிறப்பாகும். முதல் நாள் உணவு அரிசிச் சோறு, கடலைப் பருப்பு, சுரைக்காய் ஆகியவை. இரண்டாம் நாள் மாலை வெல்லமிட்ட பாயசம் உண்டு, பின்னர் ஏறத்தாழ 36 மணி நேரம் நீரும் அருந்தாமல் நோன்பிருப்பர். மூங்கில் முறமும் கூடையும், கரும்பு, வாழைக்குலை, தேங்காய், கோதுமை மாவும் வெல்லமும் சேர்த்து நெய்யில் பொரித்த தேக்குவா என்னும் பணியாரம் ஆகியவையே படைக்கப்படும் முக்கியப் பொருள்கள். வழிபாடு முடிந்தபின் இவற்றுள் பெரும்பகுதி உண்ணப்படுகிறது. எஞ்சியவை மண்ணில் மட்குகின்றன. செலவிட்ட பணத்தின் ஒரு பகுதி அருகிலுள்ள மூங்கில் தொழிலாளரையும் குயவரையும் சென்றடைகிறது. பிற பண்டிகை நாட்களையும் இந்த அளவுகோல் கொண்டு நோக்கலாம்.

சுவர்

பண்டிகைக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிப்பது பழைய வழக்கம். நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக் கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. பூசிய தொடக்கத்தில் அதன் காரத்தன்மை பூஞ்சணத்தையும் கிருமிகளையும் ஒடுக்குகிறது. பழைய எண்ணெய் வர்ணம் உரிந்து நிற்கும் கதவு, சன்னல்களில் எச்சரிக்கை தேவை. பழைய வர்ணங்களில் ஈயம் இருத்தல் கூடும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்ற விதி 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. ஆதலின் பழைய வர்ணத்தை உலர்ந்த நிலையில் சுரண்டாமல், நீரால் நனைத்துச் சுரண்டி, தூளைத் திரட்டி அகற்ற வேண்டும். குழந்தைகளை அப்போது அருகில் விடலாகாது.

அடுப்பு

சத் பூஜைக்குரிய பிரசாதத்தை மண் அடுப்பில் மாவிறகு கொண்டு சமைப்பது மரபு. சாதாரண மண் அடுப்பில் விறகின் உஷ்ணத்தில் ஏறத்தாழ 10 முதல் 15 சதவிகிதமே பாத்திரத்தைச் சேர்கிறது. ஈர விறகாயின் இது மேலும் குறையும். விறகிலுள்ள நீர் ஆவியாவதற்கே உஷ்ணத்தின் ஒரு பகுதி செலவாகிறது. அதனால் தீயின் உஷ்ணநிலை தாழ்ந்து, எரியாத பொருள் புகையாக வெளிப்படுகிறது. மரபை மாற்றாமலே இதனைத் திருத்தலாம். விறகைச் சில வாரங்களுக்கு முன்னரே சிறு துண்டுகளாகப் பிளந்து வெயிலில் உலர்த்துதல், அடுப்பைக் காற்றோட்டமுள்ள முற்றத்தில் அமைத்தல், ஒரே சமயத்தில் நிறைய விறகைத் திணிக்காமை ஆகியன போதும்.

மற்றைய நாட்களுக்குச் சமையல் எரிவாயு உள்ளது. 2016 மே 1ஆம் நாள் பாலியாவில் தொடங்கப்பெற்ற உஜ்வலா திட்டத்தால் ஏழைக் குடும்பங்கள் பலவற்றுக்கு இணைப்புக் கிடைத்தது. எனினும் மறு சிலிண்டரின் விலையை அஞ்சி மீண்டும் விறகை நாடுவோர் உள்ளனர். 14.2 கிலோகிராம் வாயு எத்தனை நாட்களுக்கு வரும் என்பது பெரிதும் சமைக்கும் முறையைப் பொறுத்தது. ஒரு கிலோகிராம் நீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு உயர்த்த ஏறத்தாழ 293 கிலோஜூல் உஷ்ணம் போதும். கொதிக்கும் அந்நீர் முழுவதையும் ஆவியாக்க 2,260 கிலோஜூல், அதாவது ஏழு மடங்குக்கும் மிகுதியான உஷ்ணம் தேவை. நீர் கொதித்தபின் தீயைப் பெரிதாக்கினால் சோறு விரைந்து வேகாது; ஆவியே மிகுதியாகும். ஆகவே கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடியிட வேண்டும். பருப்பையும் கடலையையும் முன்னரே ஊறவைப்பதும், ஏறத்தாழ 120 டிகிரியில் வேகவைக்கும் பிரஷர் குக்கரைப் பயன்படுத்துவதும் எரிபொருளை மிச்சப்படுத்தும்.

பலகாரமும் எண்ணெயும்

தேக்குவா பல நாட்கள் கெடாமல் இருப்பதற்குக் காரணம் அதில் நீர் குறைவு. உள்ள நீரையும் வெல்லம் பற்றிக்கொள்வதால் கிருமிகள் வளர இயலுவதில்லை. கோவாவாலும் பால் திரட்டாலும் செய்யப்பெறும் இனிப்புகளோ ஓரிரு நாட்களில் கெடத்தக்கவை. அவற்றை உண்ணும் அளவுக்கு மட்டும் செய்து, விருந்தினர்க்குக் கொடுத்தனுப்பும் பலகாரத்தைத் தேக்குவா போன்ற உலர்ந்த வகையாகக் கொள்வது அறிவுடைமை. விலைக்கு வாங்கும் கோவாவில் மாவு கலந்துள்ளதா என்பதைப் பள்ளியிலேயே சோதிக்கலாம். சிறிதளவு கோவாவை நீரில் கொதிக்கவைத்து, ஆறியபின் ஒரு துளி அயோடின் விட்டால், மாவு இருப்பின் நீல நிறம் தோன்றும்.

பொரித்த எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சினால் அது சிதைந்து தீய பொருள்கள் உண்டாகின்றன. அவற்றின் ஒரு தொகுதியான துருவச் சேர்மங்கள் 25 சதவிகிதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தலாகாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையத்தின் விதி 2018 ஜூலை முதல் கூறுகிறது. வீட்டில் இதனை அளக்க இயலாது. ஆகவே புகை வரும்வரை காய்ச்சாமல், சிறிய வாணலியில் குறைந்த எண்ணெய் கொண்டு பொரித்து, வடிகட்டிய எண்ணெயை ஓரிரு நாட்களில் தாளிப்பதற்குச் செலவிட்டு விடுவதே தக்கது. நிறம் கறுத்து நுரைக்கும் எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றுதல் கூடாது. குளிர்ந்தால் இறுகிக் குழாயை அடைக்கும்.

விளக்கும் வெடியும்

60 வாட் குண்டு பல்புகள் பத்தினை நாள்தோறும் ஐந்து மணி நேரம் ஐந்து இரவுகள் எரித்தால் 15 யூனிட் மின்சாரம் செலவாகும். ஏறத்தாழ அதே ஒளி தரும் 9 வாட் எல்.இ.டி. விளக்குகள் பத்துக்கு 2.25 யூனிட் போதும். அகல் விளக்குக்கும் கணக்கு உண்டு. 50 அகல்களில் 20 மில்லிலிட்டர் வீதம் எண்ணெய் வார்த்தால் ஒரு லிட்டர் செலவாகும். திரியை மெல்லியதாக்கி, மாலைப் பொழுதுக்கு வேண்டிய அளவே வார்த்தால் எண்ணெயும் புகையும் குறையும். சுட்ட அகல் எளிதில் மண்ணாகாது. ஆதலின் அதனை எறியாமல் கழுவி வைத்து அடுத்த ஆண்டும் ஏற்றலாம்.

குளிர்ந்த இரவுகளில் நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து நிற்க, அதன்மேல் வெப்பமான காற்று மூடிபோல் அமைகிறது. வெடிப்புகை அதனுள் அடைபட்டுக் கிடக்கும். 2.5 மைக்ரானுக்கு மேற்படாத நுண்துகள்கள் ஒரு கன மீட்டர் காற்றில் நாளொன்றுக்குச் சராசரி 60 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்பது 2009ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்ற இந்தியத் தரம். தீபாவளி இரவில் வட இந்திய நகரங்களில் இவ்வளவு பன்மடங்கு மீறப்படுகிறது. பசுமை வெடிகளிலும் துகள்கள் ஏறத்தாழ 30 சதவிகிதமே குறைகின்றன. அவற்றைப் புகையற்றவை என்று கருதலாகாது. மூச்சிரைப்பு நோயுள்ள குழந்தையோ முதியவரோ இருக்கும் வீட்டில் வெடியைத் தவிர்ப்பதே மருத்துவச் செலவைத் தவிர்ப்பதாகும்.

நீரும் எஞ்சியவையும்

டில்லியில் யமுனை நீரில் நுரைக்கிடையே நின்று நோன்பு நோற்போரை அண்மை ஆண்டுகளில் பலரும் படங்களில் கண்டிருப்பர். சுத்திகரிக்கப்படாத கழிவுநீருடன் வரும் சலவைப் பொருள்களும் பாஸ்பேட்டுகளும் அந்நுரைக்கு முக்கியக் காரணங்கள். இல்லந்தோறும் சலவைத் தூளை அளந்து போடுவதும், சிற்றூர்களில் கழிவுநீரை உறிஞ்சு குழிக்குத் திருப்புவதும் சிறு தொண்டல்ல.

மாலைகள், வாழைத்தண்டு, கரும்புச் சக்கை ஆகியவற்றை ஆற்றில் விடாமல் உரமாக்கலாம். ஆல்பர்ட் ஹோவர்ட் 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றி வகுத்த கம்போஸ்டு முறை இதற்கு ஏற்றது. இலைதழைகளையும் சாணத்தையும் அடுக்கடுக்காக இட்டு, ஈரம் காத்து, இடையிடையே கிளறிவந்தால் ஏறத்தாழ மூன்று மாதங்களில் எரு கிடைக்கும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தட்டு, குவளை, அலங்காரத் தெர்மகோல் ஆகியவை 2022 ஜூலை முதல் தடை செய்யப்பட்டுள்ளன. அவற்றின் இடத்தில் சால இலைத் தட்டுகள் நன்கு பயன்படும்.

ஊழியர்களும் ஆசிரியர்களும் செய்யத்தக்கவை

பண்டிகை நாளன்று கூறும் அறிவுரை காலங்கடந்ததாகும். மூன்று வாரங்களுக்கு முன்னரே சுய உதவிக் குழுக் கூட்டத்தில் இதனை எடுத்துரைப்பது நலம். விறகு அல்லது எரிவாயு, எண்ணெய், மின்சாரம், வெடி, வீணான உணவு ஆகிய ஐந்து தலைப்புகளில் ஒவ்வொரு குடும்பமும் கணக்கெழுதலாம். மெல்லிய திரியும் தடித்த திரியும் ஒரே அளவு எண்ணெயை எவ்வளவு நேரத்தில் எரிக்கின்றன, மூடிய பாத்திரத்திலும் திறந்த பாத்திரத்திலும் நீர் கொதிக்க எத்தனை நிமிடங்கள் ஆகின்றன என்பவற்றை மாணவர்களே அளந்து வீட்டில் கூறினால், அது அதிகாரியின் சொல்லைவிட மதிக்கப்பெறும். பண்டிகை முடிந்தபின் அக்கணக்கை மீண்டும் எடுத்து, மிஞ்சிய தொகை கோதுமை விதைக்கு எந்த அளவு உதவியது என்பதைக் குழுவிலேயே கணக்கிட்டுப் பார்ப்பது மறுஆண்டுப் பணியை எளிதாக்கும்.