உங்களுக்குத் தெரியுமா? கியர்பெட்டியில் திமிங்கல எண்ணெய்!

1970களின் தொடக்கம் வரை ஆட்டோமேட்டிக் கியர்பெட்டி எண்ணெயில் ஸ்பெர்ம் திமிங்கல எண்ணெயும் கலந்திருந்தது! கிளச்சுத் தட்டுகள் உதறாமல் பிடிக்க உதவியது அதுதான். 1972இல் கனடா திமிங்கல வேட்டையை நிறுத்தியது. 1973இல் அமெரிக்காவின் அருகிவரும் உயிரினச் சட்டம் வந்தது. திமிங்கல எண்ணெயின் இடத்தைச் செயற்கை வேதிப்பொருள்கள் பிடித்தன. நல்லதே நடந்தது.

மொன்றியலின் ஜனவரிக் குளிரில் இன்றைய கியர்பெட்டி எண்ணெயும் தடித்துவிடும். பிக்கப்பை எடுத்ததும் விரட்டாதீர்கள். எண்ணெயும் ஃபில்டரும் மாற்றக் கழற்றும் அடித்தட்டில் பெரும்பாலும் ஒரு காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறத்தில் மைபோலப் படிந்திருந்தால் வழக்கமான தேய்மானம்தான். உலோகச் சில்லுகள் கிடந்தால் உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். டார்க் கன்வெர்ட்டரில் எண்ணெய் தங்கிவிடுவதால், வடிந்ததை அளந்து அதே அளவு ஊற்றி, எஞ்சின் சூடேறியபின் மட்டம் பாருங்கள். பழைய எண்ணெயை நகரின் மறுசுழற்சி மையங்களான எக்கோசென்டர்கள் வாங்கிக்கொள்ளும்.